பொதுக்கிணற்றில் பதினொரு வரி

மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் சத்தமாப் பேசிப்போட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துது. டிரைவர் கண்ணாடியில மொறைக்கறாரு. அவருக்கு என்ன இடைஞ்சல், வண்டிதான் நகரவே இல்லையே? தொப்பூர் எறக்கத்துல லாரி சாஞ்சு கெடக்குதாம். எப்ப எடுப்பாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நீங்க சேலமா? சரிங்க, நான் திருச்செங்கோடு. பேரு செங்கோட்டுவேல். எங்கூர்ல கண்ணை மூடிட்டுக் கல்லை விட்டா ஒரு செங்கோட்டுவேல் மேலதான் விழுகும். ஆனா இந்தியாவுல இப்படி ஏமாந்த செங்கோட்டுவேல் நான் ஒருத்தன்தான்.

போன்ல ஆருன்னு கேட்டீங்களா? கேக்கலையா? பரவால்லீங்க, சொல்றேன்.

பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிப் பொண்ணு. கருவாட்டை மணல்ல போடாம மிஷின்ல காய வெக்கற கம்பெனி நடத்துது. என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டது அதுதானுங்க. இப்பப் போன் பண்ணி, "அண்ணாச்சி, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க பேரைப் போட்டு எழுதித் தாரீங்களா, இல்ல அந்தப் பத்தியை எடுத்துரட்டுமா?"ன்னு கேக்குது. அண்ணாச்சியாம்! நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்? அதான் சத்தம் போட்டேன்.

இதா, இந்தப் பையில ஒரு காயிதம் இருக்குது. பெங்களூர்ல காலையில குடுத்தாங்க. இதுல கையெழுத்துப் போட்டா, நான் ஆரம்பிச்ச கம்பெனியோட இணையப் பக்கத்துல என்ற போட்டோவும், அதுக்குக் கீழ 'நிறுவனர்'னு எழுத்தும் அப்படியே இருக்கும். நான் வாயைத் தொறக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு கேக்கறபடி எழுதிக் குடுத்தா போட்டோ போயிரும். என்ற மக பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வகுப்புல அந்தப் பக்கத்தைத் தொறந்து, "இது எங்கப்பா"ன்னு காட்டுமுங்க. இப்பச் சொல்லுங்க, நான் கத்துனதுல தப்பு இருக்குதா?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு என்ற பக்க நியாயம் புரியும்.

போர் போடற ரிக் வண்டி தெரியுமுங்களா? எங்கூர் வண்டி போகாத ஊரு கெடையாது. ராஜஸ்தான்ல ஒட்டகம் நிக்கற காட்டுல ஒரு வண்டி நிக்கும், அதுல தமிழ்ல 'திருச்செங்கோடு'ன்னு எழுதியிருக்கும். ஆனா என்ன சங்கடம்னா, ஒரு பக்கம் வண்டி வேலையில்லாம நிக்கும், இன்னொரு பக்கம் விவசாயி வண்டி கெடைக்காம ஏஜெண்டு பொறத்தாலயே சுத்துவாரு. இதுக்கு நானும் என்ற கூட்டாளி நல்லசிவமும் ஒரு ஆப் பண்ணினோம். 'போர்வண்டி'ன்னு பேரு. போன்ல தொட்டா, பக்கத்துல எந்த வண்டி சும்மா நிக்குதுன்னு காட்டும். யோசனை என்றது. செஞ்சதெல்லாம் அவன். யோசனைதானுங்களே முக்கியம்?

அதைப் பெருசு பண்ணப் பணம் வேணும். எங்கூர்ல வீதிக்கு வீதி ஃபைனான்ஸ் போர்டு தொங்குது. ஆனா அவங்க ஆர்.சி. புக்கைக் கேப்பாங்க, நெலப் பத்திரத்தைக் கேப்பாங்க. எங்ககிட்ட இருந்தது போன்ல ஓடற ஒரு சமாச்சாரம். அதை எப்படி அடமானம் வெக்கறது? அப்பத்தான் வென்ச்சர் கேப்பிடல்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. துணிகர முதலீடுன்னு பேப்பர்ல போடுவாங்க. வட்டி இல்லை, அடமானம் இல்லை. கம்பெனியில பங்கு குடுத்தாப் போதும். கம்பெனி செத்தா அவங்க காசும் செத்துது, பொழச்சா அவங்களுக்குப் பல மடங்கு. எவ்வளவு நல்லவங்களாத் தெரியறாங்க பாருங்க. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

பெங்களூருக்கு நடையா நடந்தோம். அவங்ககிட்ட ஒரு விசேஷம் என்னன்னா, இல்லைன்னு சொல்லவே மாட்டாங்க. "ரொம்ப நல்லா இருக்குது, தொடர்புல இருப்போம்"னு ஒருத்தர் சொன்னாரு. நான் தொடர்புல இருந்தேனுங்க. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன். பொங்கலுக்கு அனுப்பினேன். வீட்டுல முறுக்குச் சுட்டு கொரியர்ல அனுப்பினேன். பொறகுதான் தெரிஞ்சுது, தொடர்புல இருப்போம்னா எந்திரிச்சுப் போங்கன்னு அர்த்தமாம். இன்னொருத்தர், "நீங்க கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டீங்க"ன்னாரு. நான் வாட்ச்சைப் பாத்தேன். அவங்க சொன்ன நேரத்துக்குத்தான் போயிருந்தேன். கம்பெனி இன்னும் வளரோணும்னு சொல்றாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. பட்டவனுக்குத்தான் வலி.

சென்னைக்காரனுக்கு மாமன் சொல்லிக் குடுப்பான். பெரிய காலேஜுல படிச்சவனுக்குக் கூடப் படிச்சவன் சொல்லிக் குடுப்பான். நமக்கு ஆரு இருக்கறாங்க? ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பஜ்ஜி தின்னுட்டே நல்லசிவத்துக்கிட்டச் சொன்னேன்: "டேய், நாம பட்டதையெல்லாம் தமிழ்ல எழுதி வெச்சுருவோம். அடுத்து வர்றவனாச்சும் முறுக்குச் சுடாம இருக்கட்டும்." அவன் பஜ்ஜியை முழுங்கிட்டு, "நம்ம ரெண்டு பேரு எழுதினா ரெண்டு பேரு பட்டதுதான் இருக்கும். பட்டவங்க எல்லாரும் எழுதற மாதிரி வெப்போம்"னான்.

சாஃப்ட்வேர்க்காரங்க இப்படித்தான் பண்ணுவாங்களாமுங்க. ஓப்பன் சோர்ஸுன்னு பேரு. பொதுவுல ஒண்ணை வெச்சுருவாங்க. ஆரு வேணாலும் எடுத்துக்கலாம், ஆரு வேணாலும் திருத்தலாம். ஆனா கட்டுப்பாடு உண்டு. திருத்தினவரே அதை ஏத்தக் கூடாது, இன்னொருத்தர் படிச்சுப் பாத்துச் சரின்னு சொல்லோணும். ஏன் திருத்தினேன்னு ஒரு வரி காரணம் எழுதோணும். பழசு எதுவும் அழியாது, அடியில அப்படியே கெடக்கும், ஆரு எப்ப எதை மாத்தினாங்கன்னு பச்சக்கொழந்தை கூடப் பாத்துக்கலாம்.

நாங்களும் நெட்டுல அப்படி ஒரு பக்கத்தைத் தொறந்தோம். பேரு நான்தான் வெச்சேன். பொதுக்கிணறு! ஆரு வேணாலும் எறைச்சுக்கலாம். உரிமையையும் எழுதி வெச்சரோணும்னான் நல்லசிவம். நானே என் கைப்பட எழுதினேன்: 'இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வேறு பெயரில் நடத்தலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை.' எழுதறப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க. அவ்வளவு பெரிய மனசு நம்மளுக்கு.

பத்திக்கிச்சு பாருங்க! ஆம்பூர்ல செருப்பு செய்யறவரு ஒருத்தரு எழுதினாரு. சிவகாசியில லேபிள் அடிக்கறவங்க எழுதினாங்க. எந்த முதலீட்டுக்காரரு என்ன கேள்வி கேப்பாரு, அந்தக் கேள்விக்கு உள்ள என்ன இருக்குது, எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எந்தத் தாள்ல எங்க பாக்கோணும், எல்லாம் வந்துருச்சு. அந்த ஜெசிந்தாதான் நெறைய எழுதுச்சு, அதை நான் மறைக்க மாட்டேன். கம்பெனியை வித்தா முதலீட்டுக்காரங்க மொதல்ல எடுத்துக்குவாங்கன்னு ஒரு விதி இருக்குது. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன எழுதுச்சு தெரியுமா? படகு ஒடைஞ்சு எஞ்சினை மட்டும் வித்தா, காசு போட்டவரு தன்ற காசை எடுத்துட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு வெப்பாரு, அதனால மிச்சம்னு ஒண்ணு இருக்குமான்னு மொதல்லயே பாத்துக்கோன்னு. அதைப் படிச்சதுக்கப்பறம் எங்கப்பாவுக்கே வென்ச்சர் கேப்பிடல் புரிஞ்சு போச்சு.

காலேஜுல எல்லாம் என்னையக் கூப்பிட்டாங்க. பொதுக்கிணற்றின் தந்தைன்னு பேனர் கட்டினாங்க. பொன்னாடை எக்கச்சக்கம். வெக்க எடமில்லாம என்ற சம்சாரம் ஒண்ணை வாஷிங் மிஷின் மேல விரிச்சு வெச்சிருக்குது. மேடையில நான் எப்பவும் ஒண்ணு சொல்லுவேன்: "நம்ம கெணத்துல எதையும் ஒளிக்க முடியாது!" கைதட்டு அப்படி விழும்.

ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ற மேல என்ன காண்டுன்னு தெரியலைங்க. நான் ஒரு முன்னுரை எழுதியிருந்தேன். 'கொங்கு மண்ணின் ஈரத்தில் முளைத்து, பெங்களூரின் குளிரூட்டப்பட்ட அறைகளில் வாடி, மீண்டும் துளிர்த்த ஒரு தொழில்முனைவோனின் இதயத்திலிருந்து'ன்னு ஆரம்பிக்கும். ராத்திரி பகலா யோசிச்சது. அதுக்குத் திருத்தம் அனுப்புது: 'இதில் தகவல் ஏதும் இல்லை. நீக்கலாம்.' நல்லசிவம் படிச்சுட்டுச் சரின்னு ஏத்திப்போட்டான். கூட்டாளியா அவன்? கேட்டா, "உண்மையில தகவல் இல்லடா"ங்கறான்.

இப்படி இருக்கறப்பத்தான் கும்கி வந்துது.

கும்கி வென்ச்சர்ஸ், பெங்களூரு. பேரைக் கேட்டதுமே சுதாரிச்சிருக்கோணும்னு நல்லசிவம் இப்பச் சொல்றான். கும்கின்னா காட்டு யானையைப் புடிக்கறதுக்குப் பழக்கி வெச்ச யானைங்களாம். நம்மளை யானைன்னு நெனைக்கறாங்களே, அதுவே ஒரு மரியாதைதானுங்களே? அங்க ஹெக்டேன்னு ஒரு சார். அத்தனை பேருக்கு நடுவுல அவரு ஒருத்தருதான் என்ற பேச்சைக் குறுக்க விழுகாம முழுசாக் கேட்டாரு. ஃபில்டர் காப்பி குடுத்தாரு. அப்பறம் சிரிச்சுட்டே, "உங்க கெணத்தைப் பாத்தேன், நல்ல காரியம். எங்களைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்குது, அது கொஞ்சம் அநியாயம், இல்லையா?"ன்னாரு. அவ்வளவுதானுங்க கேட்டாரு. எடுன்னு சொல்லலை. பெரிய மனுசன்.

நான் போய்ப் பாத்தேன். ஆமா, கும்கியைப் பத்திப் பதினொரு வரி. மூணு பேரு சொன்னதாப் போட்டிருந்துச்சு, பேரு ஒண்ணும் இல்லை. என்ன குத்தம்னு முழுசாப் படிக்கலைங்க. காப்பி குடுத்த மனுசனைப் பத்தி மொட்டைக் கடுதாசி மாதிரி எழுதி வெச்சா அதை ஒக்காந்து படிக்கறதே பாவம். அழிச்சுப்போட்டேன். காரணம் ஒண்ணு எழுதோணுமே? 'இடைவெளி சரிசெய்தது'ன்னு போட்டேன்.

இன்னொருத்தர் சரின்னு சொல்லோணுமில்லையா? நல்லசிவம் அன்னைக்குப் பாத்து சம்சாரத்தைப் பிரசவத்துக்குச் சேத்திருந்தான். அவன் கணக்கு என்ற லேப்டாப்புல தொறந்துதான் கெடந்துது. அவன் பேர்ல நானே சரின்னு அமுத்தினேன். கொழந்தை பொறக்கற நேரத்துல ஒரு மனுசனைத் தொந்தரவு பண்றது நல்லாவா இருக்கும்?

மறுநாளே அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிருச்சு. எல்லாரும் பாக்கற எடத்துல எழுதுது: "அண்ணாச்சி, இடைவெளியைச் சரி செய்யப்போய் பதினொரு வரியும் கூடப் போயிட்டு. கவனிச்சீங்களா? நல்லசிவம் அண்ணன் அந்த நேரத்துல ஆஸ்பத்திரியில மகளைக் கையில வச்சுக்கிட்டுப் போட்டோ அனுப்பிச்சிருக்காங்க. பிள்ளையை வச்சுக்கிட்டே திருத்தமும் பாத்தாங்களோ?" அதுக்குக் கீழ ஆம்பூர்க்காரரு ஒரு சிரிப்புப் பொம்மை போடறாரு. சிவகாசியும் போடுது. பழசு எதுவும் அழியாதுன்னு ஊரெல்லாம் மேடை போட்டுச் சொன்னவன் நான். அந்த நேரத்துல பாருங்க, அது ஒண்ணு மட்டும் ஞாபகத்துக்கு வரலை.

எனக்கு வந்த கோவத்துக்கு, ஆரும் எழுத முடியாதபடி கெணத்துக்கு மூடி போட்டுட்டேன். என்ற கெணறு, நான் மூடுவேன். நல்லசிவம் ரெண்டு நாள் என்ற மொகத்தைப் பாக்காமயே வேலை செஞ்சான், அவ்வளவுதான். அது எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? கெணத்தை அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு! அத்தனையும், பதினொரு வரியும் சேத்து, எழுத்து மாறாம வேற எடத்துல எறக்கி வெச்சுட்டுது. 'ஊருணி'ன்னு பேரு. எல்லாரும் அங்க போயிட்டாங்க. ஒருத்தராச்சும் இருப்பாங்கன்னு தெனமும் காலையில தொறந்து பாப்பேன். ஈ, காக்கா இல்லை. நான் ஈரோட்டுல ஒரு வக்கீலைப் புடிச்சேன். திருட்டுக் கேஸு போடோணும்னேன். அவரு அந்த உரிமைத் தாளைப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. "இதை எழுதினது ஆரு?"ன்னாரு. நான்தானுங்கன்னேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு ஓட்டை கெடையாது"ன்னு சொல்லிட்டு ஃபீஸ் வாங்கிக்கிட்டாரு.

சரி, போகட்டும்னு விட்டுட்டேன். நமக்குத்தான் கும்கி இருக்குதே. ஒப்பந்தம் வந்துது, தலகாணி மொத்தத்துக்கு. நல்லசிவம் ஒரு பக்கத்துல விரலை வெச்சு, "டேய், இது எனக்குப் புரியலை. பேரையெல்லாம் மறைச்சுட்டு இந்த ஒரு விதியை மட்டும் ஊருணியில போட்டுக் கேப்போம். சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேரு சொல்லிருவாங்க"ன்னான். அந்தப் பொண்ணு வாசல்ல போயி நான் நிக்கறதா? கெணத்தை வெட்டினவன் பக்கத்து வீட்டுல போயி ஒரு சொம்புத் தண்ணி கேப்பானா? "புரியலைன்னா கம்முனு இரு, ஹெக்டே சார் நம்ம ஆளு"ன்னு சொல்லிப்போட்டுக் கையெழுத்தைப் போட்டேன். பூங்கொத்தோட எடுத்த போட்டோ பேப்பர்ல வந்துது. உள்ளூர் பதிப்புதான், ஆனா கலர்ல.

ஒரு வருஷம் நல்லாப் போச்சுங்க. ஆந்திராவுல ஓடுச்சு, தெலங்கானாவுல ஓடுச்சு. அப்பறம் ஒரு நாள் மீட்டிங். கம்பெனியை மேல இருந்து பாக்கற போர்டுல மூணு பேரு. ரெண்டு அவங்க ஆளு, ஒண்ணு நான். "அடுத்த கட்டத்துக்கு வேற மாதிரி ஆளு வேணும்"னாரு ஹெக்டே சார். நானும் ரொம்ப ஆர்வமா, "ஆமாங்க சார், ஆரைப் போடலாம்?"னு கேட்டேன். எல்லாரும் மேசையைப் பாத்தாங்க. எனக்கு அப்பவும் வெளங்கலைங்க. நான் பேனாவை எடுத்து, பேரு எழுதிக்கறதுக்குத் தயாரா ஒக்காந்திருந்தேன்.

வெளிய அனுப்பினதோட விடலை. நல்லசிவம் விரல் வெச்ச அந்த விதி இருந்துச்சு பாருங்க, அதுதான். நாலு வருஷத்துக்குள்ள நான் போனாலும் சரி, போகச் சொன்னாலும் சரி, என்ற பங்கை எல்லாம் ஆரம்பத்துல போட்ட வெலைக்கே கம்பெனி திருப்பி எடுத்துக்கலாம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நீங்களும் நானும் சேந்து ஒரு வண்டி வாங்கறோம். வண்டி நல்லா ஓடி, வெலை ஏறிப் போச்சு. ஒரு நாள் நான் உங்களை எறங்குன்னு சொல்றேன். எறங்கினதும், உங்க பாதியை அன்னைக்குப் போட்ட காசுக்கே நான் எடுத்துக்கறேன். எறங்கச் சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது ஆரு? நானும் என்ற மச்சானும். அவ்வளவுதான் விஷயம். அன்னைக்கு அந்த ஆபீஸ் பாத்ரூமுக்குள்ள போயி, கொழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேனுங்க. சின்னப்புள்ளையா இருந்ததுக்கப்பறம் அப்படி அழுதது அன்னைக்குத்தான்.

இதைத்தான் அந்தப் பதினொரு வரியில எழுதியிருந்துச்சாம். அப்பறம் நல்லசிவம் சொன்னான். இதே விதி, இதே கும்கி, மூணு பேருக்கு நடந்துதுன்னு.

இப்ப நீங்களே சொல்லுங்க, இது ஆரு தப்பு? அந்தப் பொண்ணு கெணத்தைத் தூக்கிட்டுப் போகாம இருந்திருந்தா, அந்தப் பத்தி என்ற கெணத்துலயே இருந்திருக்குமில்லையா? என்ற கெணத்துல இருந்திருந்தா நான் படிச்சிருப்பேனில்லையா? படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனா? வயிறு எரியுதுங்க எனக்கு.

என்ன? "அதை எடுத்தது ஆரு"ங்களா? நீங்களும் அந்தப் பொண்ணு மாதிரியே கேக்கறீங்களே! அது வேற விஷயமுங்க. அது மரியாதைக்காகப் பண்ணினது. தண்ணி இருந்தாக் குடுங்க, தொண்டை வறண்டு போச்சு.

ம். இப்ப என்ன பிரச்சனைன்னா, கும்கி அந்த ஊருணிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்குது. பேரில்லாத புகார், அவதூறு, எடுக்கலைன்னா கோர்ட்டுன்னு. அந்த மூணு பேரும் பயப்படறாங்க. ஒருத்தரு கும்கி காசு போட்ட இன்னொரு கம்பெனியிலயே வேலையில இருக்கறாராம், பாவம், எப்படிச் சொல்லுவாரு? ஒருத்தராச்சும் பேரோட நின்னாப் பத்தி நிக்கும், இல்லைன்னா எடுத்துத்தான் ஆகோணும். அதுக்குத்தான் என்னையக் கூப்பிடுது. "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு அண்ணாச்சி, அது கெடக்கட்டும். இந்த மாசம் எத்தனை பிள்ளைங்க கும்கி முன்னால போய் உக்காரப் போகுதோ, அதை நினைச்சுத்தான் கேக்கேன்"னு சொல்லுது. என்ற பேரு கேக்குது! நோட்டீஸையும் ஊருணியிலயே போட்டுட்டாங்களாம். எதையும் ஒளிக்கறதில்லையாம். என்ற வசனத்தை என்கிட்டயே.

இருங்க, உங்களுக்கே காட்டறேன் அந்த லட்சணத்தை. சிக்னல் ஒரு கோடுதான் வருது. இதா, இதுதான் ஊருணி. பச்சைக் கலர்ல வெச்சிருக்குது பாருங்க, ரசனையே இல்லை. இதா நோட்டீஸ். 'எங்கள் கட்சிக்காரரின் நற்பெயருக்கு'... ம்... 'உள்நோக்கத்துடன்'... 'போர்வண்டி நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் செங்கோட்டுவேல் என்பவரின் தூண்டுதலால்'...

என்பவரின்?

பணியாளரா? நான் பணியாளரா? இதுல தேதியைப் பாருங்க. முந்தாநேத்து! முந்தாநேத்து என்னையப் பணியாளர்னு எழுதி அனுப்பிட்டு, இன்னைக்குக் காலையில காப்பி குடுத்து, நிறுவனர்னு போட்டிருப்போம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சிரிக்கறாங்க. தூண்டுதலாமுங்க! அந்தப் பத்தியைத் தூக்கினவனே நான்! அவங்களுக்காகப் பெத்த புள்ளை மாதிரி இருந்த கெணத்தையே இழந்தேன்! போர்வண்டின்னு பேரு வெச்சது ஆரு? கொளுத்தற வெயில்ல ஒவ்வொரு ஷெட்டா ஏறி எறங்கி வண்டிக்காரங்ககிட்டப் பேசினது ஆரு?

கொஞ்சம் இதைப் புடிங்க. பையைத்தான். காயிதம் கசங்கினாக் கசங்கட்டும். நான் எழுதறேன். 'நான், செங்கோட்டுவேல், கொங்கு மண்ணின் மைந்தன், பொதுக்கிணற்றின் தந்தை, போர்வண்டியின் தனிப்பெரும் நிறுவனர், வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டு'... வீழ்த்தப்பட்டுக்கு எந்த 'ல'? சரி. எல்லாம் எழுதறேன். நம்பரையும் போடறேன், ஆரு வேணாலும் கூப்பிடட்டும், எனக்கென்ன பயமா?

போட்டுட்டேன். பாக்கலாம்.

போட்டோ போயிருமில்லைங்க. மகளுக்கு என்ன சொல்றதுன்னுதான்... சரி விடுங்க. வண்டி கொஞ்சம் நகருது போல. இல்லை, டிரைவர் சும்மா உறும விடறாரு.

வந்துருச்சு! பாத்தீங்களா, பாத்தீங்களா, மறுபடியும் வெட்டிப்போட்டுது! மண்ணின் மைந்தனைக் காணோம். தந்தையைக் காணோம். வஞ்சகத்தையும் காணோம். என்னதான் மிச்சம் வெச்சிருக்குது? 'நான் செங்கோட்டுவேல், திருச்செங்கோடு. போர்வண்டியைத் தொடங்கியவன். இது எனக்கு நடந்தது. கையெழுத்துப் போடும் முன் கூப்பிடுங்கள்.' கீழ என்ற நம்பரு. அவ்வளவுதான்.

இது எனக்கு நடந்தது.

நல்லாத்தானுங்க இருக்குது.

இருங்க, கீழ ஒண்ணு போட்டிருக்குது. 'சரிபார்த்தவர்: நல்லசிவம்.' அட மடையா! அவன் இன்னும் போர்வண்டியிலதானுங்க வேலையில இருக்கறான், கும்கி சம்பளத்துல. ஏழு மாசக் கொழந்தை வேற... இல்லை, இப்ப நடக்கும் அது, ஒரு வயசு தாண்டிருச்சு. நான் பாக்கவே போகலை. அவன் பேரை அவனே போட்டிருக்கறான் பாருங்க. எனக்காகவா? சேச்சே, பத்திக்காகத்தான் இருக்கும். எனக்காகவும் கொஞ்சம் இருக்குமோ என்னமோ.

கண்ணுல தூசுங்க. தொப்பூர்ல எப்பவுமே தூசுதான்.

ஆருடா இது, புது நம்பரு? ஹலோ... ஆமாங்க, செங்கோட்டுவேல்தான் பேசறேன்... ஆமா, இப்பத்தான் போட்டேன்... எந்த ஊரு அம்மிணி? தாராபுரமா? என்ன கம்பெனி?... முருங்கையா? பொடி பண்றயா? நல்ல யாவாரந்தான்... என்னது?... கும்கியா? எங்க, இப்ப அவங்க ஆபீஸுல ஒக்காந்திருக்கறயா?... வெளிய வந்து பேசறயா, சரி சரி. அம்மிணி, மொதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டயா?

இன்னும் இல்லையாமுங்க. பேனாவைக் கையில வெச்சிருக்குதாம்.

கண்ணு, அந்தப் பேனாவைப் பையில போடு. காப்பி குடுத்தாங்களா? குடிச்சுக்கோ, காப்பியில ஒண்ணும் இல்லை... இல்லை, வக்கீலெல்லாம் அப்பறம். மேல பதினொரு வரி இருக்குது பாரு, அதைத் தொற... நானா? நான் அதைப் படிக்காம அழிச்சவன் கண்ணு. நீ படி. அவசரப்படாம, சத்தமாப் படி. நானும் இன்னைக்குத்தான் முழுசாக் கேக்கறேன்.